ஈம் கிராமம்: ஊர் தானாகக் கதவைச் சாத்திக்கொண்டதா, சாத்தப்பட்டதா?

வழிப்போக்கன்:
வேலைக்காக ஷெஃபீல்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பக்கத்திலேயே இருந்தும் போன ஞாயிறுதான் ஈம் கிராமத்துக்குப் போனேன். டார்பிஷயர் மாவட்டம், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் நமக்கு 'ஈயம்' என்றுதான் வரும். நானும் அப்படியே சொல்லி வழி கேட்டேன், ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே 'ஈம்' என்று திருத்தினார்.

பெரிய ஊர் இல்லை. சாம்பல் நிறக் கல்வீடுகள், நடுவில் ஒரு தேவாலயம், குற்றவாளிகளின் காலை மாட்டி உட்காரவைக்கும் பழைய மரத்தொழு. தெருவோரம் அங்கங்கே கல்தொட்டிகள். 1588-லேயே ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து இந்தத் தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். அதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் வீட்டு வாசல்களில் இருக்கும் பச்சைப் பலகைகள் இழுத்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அந்த வீட்டில் செத்தவர்களின் பெயர், தேதி. ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வரும், தேதி மட்டும் இரண்டு நாள், மூன்று நாள் தள்ளித் தள்ளிப் போகும்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1665, லண்டனில் பிளேக். அங்கிருந்து அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்ற தையற்காரருக்கு ஒரு துணிமூட்டை வருகிறது. ஈரமாக இருந்த துணியை உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் அடுப்பருகே விரித்துக் காயப்போடுகிறார். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் சாகிறார். பிறகு அந்த வீடு, அடுத்த வீடு, தெரு. குளிர்காலத்தில் அடங்கியதுபோல் இருந்து, 1666 கோடையில் மறுபடி வெடிக்கிறது. ஜூன் மாதம் ரெக்டர் (ஊர்த் தேவாலயத்தின் பொறுப்புப் பாதிரியார்) வில்லியம் மொம்பெசனும் முந்தைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஊரைக் கூட்டி மூன்று முடிவு எடுக்கிறார்கள். அவரவர் பிணத்தை அவரவர் நிலத்திலேயே புதைப்பது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு குக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்த வெளியில் வழிபடுவது. ஊர் எல்லையை யாரும் தாண்டாமல் இருப்பது. கடைசிச் சாவு 1666 நவம்பர் 1. மொத்தம் 260 பேர் அளவில்.

ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக்கல் இன்னும் கிடக்கிறது. மேலே ஆறு குழி. அதில் வினிகர் ஊற்றி காசு போட்டுவைப்பார்களாம், பக்கத்து ஊர்க்காரர்கள் சாமான் வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்களாம். குழியின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. நானும் விரலை விட்டுப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். நம்மால் இது முடியுமா?

பனங்கருப்பட்டி:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சகோ. கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரித் தியாகம் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது.

கல்வெட்டுக்காரி:
நல்ல பதிவு. ஆனால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டு நம் கைக்கு வந்தது எவ்வளவு என்று பார்த்தால் மிகக் குறைவு. மொம்பெசனின் மூன்று கடிதங்கள். முதல் இரண்டும் மனைவி கேத்தரின் செத்த சமயத்தில் எழுதியவை: ஒன்று பிள்ளைகளுக்கு, இன்னொன்று தன் புரவலர் ஜார்ஜ் சாவிலுக்கு. மூன்றாவது எல்லாம் ஓய்ந்தபின் நவம்பரில். அப்புறம் சாவுப் பதிவேடு. அதுவும் மூலம் இல்லை, சுமார் 40 வருடம் கழித்து ஜோசப் ஹன்ட் என்ற ரெக்டர் பார்த்து எழுதிய நகல். அப்புறம் சில கல்லறைக் கற்கள். அவ்வளவுதான்.

துணிமூட்டை, ஊர்க்கூட்டம், சபதம் இதெல்லாம் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் சொன்னது. இதைக் கவிதை நடையில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஆனா சுவார்ட். அதே ஊரில் 1742-இல் பிறந்தவர், அவருடைய அப்பா அங்கே ரெக்டர். அதற்குப் பிறகு வில்லியம் வுட் என்ற உள்ளூர்க்காரர் 1842-இல் ஊர் வரலாறு எழுதினார். கிழவர் கிழவிகளிடம் கேட்டதையெல்லாம் அதில் சேர்த்தார். நாம் இன்று கேட்கிற 'ஈம் கதை' ஏறக்குறைய அவர் கட்டிய வீடு.

இன்னொன்று. 350 பேரில் 260 பேர் போனார்கள் என்று சுற்றுலாப் பலகைகளில் எழுதுவார்கள். வீட்டு அடுப்புகளை எண்ணி வாங்கிய அடுப்பு வரிக் கணக்கை வைத்துப் பார்த்தவர்கள் மக்கள்தொகை 700 அளவில் இருந்திருக்கும் என்கிறார்கள். அப்படியானால் முக்கால்வாசி இல்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதுவும் பயங்கரம்தான். ஆனால் நான்கில் மூன்று என்பது வேறு கதை.

வழிப்போக்கன்:
அக்கா, கல்லறையில் நின்றபோது இதெல்லாம் தோன்றவில்லை :) 350 என்ற கணக்கைத்தான் நான் நம்பியிருந்தேன். ஆனால் 260 என்ற எண்ணிக்கையாவது உறுதிதானே?

கல்வெட்டுக்காரி:
அது ஏறக்குறைய சரி. மொம்பெசனே தன் நவம்பர் கடிதத்தில் 76 குடும்பங்களில் நோய் புகுந்தது, 259 பேர் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். கணக்கு எழுதும் கை அது. அதே கடிதத்தில் ஊரையே மண்டையோட்டு மேடான கொல்கொதாவுக்கு ஒப்பிடுகிறார். எனக்கு அந்த ஒப்பீட்டைவிட 76, 259 என்று எண்ணிவைத்ததுதான் மனதைப் பிசைகிறது.

மாத்திரை டப்பா:
மருந்தாளுநர் என்ற முறையில் என் பங்கு. வினிகருக்குப் பெரிய மரியாதை கொடுக்க வேண்டாம். பிளேக் காசு மூலம் பரவும் நோய் இல்லை. கிருமியை யெர்சான் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-இல். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது என்று சிமோன் கராச்சியில் காட்டியது 1898-இல். ஈம் மக்களுக்கு இதெல்லாம் 230 வருடம் தள்ளி. அவர்களுக்குத் தெரிந்தது 'கெட்ட காற்று'. அந்தத் தவறான அறிவை வைத்துக்கொண்டு திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று கும்பிட்டார்கள். அது எப்படியோ சரியாக அமைந்துவிட்டது.

துணிமூட்டைக் கதை மருத்துவப்படி நடக்கக்கூடியதுதான். துணியில் தெள்ளுப்பூச்சி பிழைத்திருக்கும், அடுப்புச் சூடு பட்டால் துள்ளும்.

எல்லையை மூடியதில்தான் சிக்கல். 2016-இல் இந்தப் பதிவேட்டின் தேதிகளையும் குடும்பங்களையும் வைத்துக் கணித மாதிரி போட்டார்கள். சுமார் முக்கால் பங்கு தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனது, மீதிதான் எலி வழி என்று முடிவு வந்தது. வீட்டுக்குள்ளே ஒருவர் விழுந்தால் அடுத்தவர் விழும் வரிசை அதில் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் எல்லையை மூடியது பக்கத்து ஊர்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு? கூண்டுக்குள் பூனையையும் எலியையும் சேர்த்து அடைத்த மாதிரி.

கரிசல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 'தியாகம்' என்கிறீர்களே, யாருடைய தியாகம்? வசதி இருந்தவர்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். மொம்பெசன் தன் இரண்டு பிள்ளைகளையும் யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார், எல்லை மூடுவதற்கு முன்னால். அப்புறம் மேடை ஏறி ஊர் மக்களிடம் 'யாரும் போகக்கூடாது' என்கிறார். சுரங்கத் தொழிலாளிக்கும் கூலி விவசாயிக்கும் போக எங்கே இடம் இருந்தது? எந்த ஊர் சேர்த்துக்கொள்ளும்? இது தியாகம் இல்லை, வேறு வழியில்லாமை. அதற்குப் பூமாலை போட்டுவிட்டார்கள்.

பனங்கருப்பட்டி:
கரிசல், எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பதே உங்கள் வேலையா? அவர் மனைவி அங்கேயே இருந்து செத்தாரே.

கரிசல்:
செத்தார். அதை மறுக்கவில்லை. நான் கேட்பது ஊர்க்காரர்களைப் பற்றி.

வழிப்போக்கன்:
கேத்தரினின் கல்லறையைப் பார்த்தேன். 1666 ஆகஸ்ட் 25. வயது இருபத்தேழோ என்னவோ. நேரம் எப்போது என்று உங்களுக்குத் தெரியாது, விழிப்பாயிருங்கள் என்ற பொருளில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே எட்டாம் நூற்றாண்டுச் சாக்சன் சிலுவை ஒன்று நிற்கிறது. அதன் தண்டில் ஒரு பகுதி காணாமல் போய்விட்டதால் தலை கொஞ்சம் தாழ்ந்து குட்டையாகத் தெரிகிறது. ஆயிரம் வருடம் முந்திய கல் பக்கத்தில் நிற்கும்போது 1666 நேற்று மாதிரி இருக்கிறது.

கரிசல் கேட்ட கேள்விக்கு ஹான்காக் குடும்பம்தான் எனக்குப் பதில் மாதிரித் தெரிகிறது. ஊருக்கு வெளியே மேட்டில் ரைலி என்ற பண்ணை. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 3-லிருந்து 10-க்குள், எலிசபெத் ஹான்காக்கின் கணவரும் ஆறு பிள்ளைகளும் போனார்கள். அந்தப் பெண் தனியாக ஒவ்வொருவரையும் இழுத்துக்கொண்டுபோய்ப் புதைத்தார். எதிர்மேட்டில் ஸ்டோனி மிடில்டன்காரர்கள் நின்று பார்த்தார்கள், கிட்டே வரவில்லை என்று சொல்கிறார்கள். இப்போது வட்டமாக ஒரு கற்சுவர், உள்ளே கற்கள், சுற்றிலும் மேயும் ஆடுகள். அந்தச் சரிவில் நின்றால் எதிரே சாலை தெளிவாகத் தெரிகிறது. ஓடவேண்டும் என்று நினைத்திருந்தால் ஒரு இரவு போதும். அவர் ஓடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் ஷெஃபீல்டில் வேலை பழகிக்கொண்டிருந்த, மிஞ்சிய ஒரே மகனிடம் போனார்.

கரிசல்:
பிள்ளைகள் விழுந்துகொண்டிருக்கும்போது எந்தத் தாய் ஓடுவார்? அதற்கும் ஊர்ச் சபதத்துக்கும் என்ன சம்பந்தம்? இது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

வழிப்போக்கன்:
சரி, அது நியாயம்தான்.

கல்வெட்டுக்காரி:
இரண்டு பேர் சொல்வதிலும் விட்டுப்போன ஆள் ஒருவர் இருக்கிறார். ஸ்டான்லி.

மொம்பெசன் 1664-இல்தான் வந்தவர். இருபதுகளின் கடைசியில் இருந்த கேம்பிரிட்ஜ்காரர். ஊருக்கு அவர் புதுசு, பலருக்குப் பிடிக்கவும் இல்லை. ஊர் மதித்தது ஸ்டான்லியை. மன்னர் இல்லாமல் குரோம்வெல் ஆண்ட காலத்துத் தூய்மைவாத (பியூரிட்டன்) பாதிரியார் அவர். மன்னர் திரும்பி வந்தபின் 1662-இல் புதிய வழிபாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுத்து வெளியேறியவர். அதோடு 1665-இல் ஐந்து மைல் சட்டம் வருகிறது. அப்படி வெளியேறியவர்கள் தங்கள் பழைய ஊருக்கு ஐந்து மைலுக்குள் இருக்கக்கூடாது. ஆக, 1666-இல் ஸ்டான்லி ஈமில் நின்றதே சட்டப்படி குற்றம். பதவியில் இருக்கிறவரும் பதவி பறிபோனவரும் ஒன்றாக வந்து நிற்காவிட்டால் ஊர் பாதிப் பாதியாக இழுத்திருக்கும். எனக்கு இந்தக் கதையில் நம்பத்தகுந்த அதிசயம் இதுதான்.

கரிசல், கட்டாயம் பற்றி. அன்றைக்குச் சட்டம் கடுமையாகத்தான் இருந்தது. 1604 சட்டப்படி பிளேக் புண்ணோடு வெளியே நடமாடுபவனைத் தூக்கில் போடலாம். நோய் வந்த வீட்டைப் பூட்டி உள்ளேயே வைப்பது லண்டனில் சாதாரணம். அங்கே வாசலில் காவல்காரன் நின்றான். ஈமைச் சுற்றிப் படை நின்றதாகப் பதிவு எதுவும் இல்லை. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார், அது முக்கியம். வெளியே போகாதே என்று சொல்பவன் சோறும் அனுப்ப வேண்டுமல்லவா? அந்த ஏற்பாடு இல்லாமல் எந்தச் சபதமும் ஒரு வாரம் தாங்கியிருக்காது.

மாத்திரை டப்பா:
கடைசிப் பத்தியை 2020-இல் பல பேர் படித்திருக்க வேண்டும்.

கரிசல்:
சோறு விஷயம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 'சம்மதம்' என்ற சொல்லை நான் ஜாக்கிரதையாகவே பயன்படுத்துவேன்.

ஊர்சுற்றி மாமா:
அந்த ஊருக்குப் பிளேக் தவிர வேறு வாழ்க்கையே இல்லாத மாதிரிப் பேசுகிறீர்கள். நான் நாலு தடவை போயிருக்கிறேன். வழிப்போக்கன் 'ஈயம்' என்று படித்தது தப்பே இல்லை, அந்த ஊர் சாப்பிட்டதே ஈயத்தில்தான்! சுற்றுமலை முழுக்க ஈயச் சுரங்கம். டார்பிஷயரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஈயம் கண்டுபிடித்தால் அடுத்தவன் நிலமானாலும் தோண்டலாம். விலக்கு நாலே இடம்: கல்லறைத்தோட்டம், வீட்டுத்தோட்டம், பழத்தோப்பு, பெருவழிச்சாலை. ரெக்டருக்கும் ஈயத் தாதுவில் பங்கு வரும், அதனால் ஈம் ரெக்டர் பதவி என்றால் நல்ல வரும்படி. பிறகு பட்டு, பருத்தி நெசவு வந்தது, செருப்புத் தயாரிப்பும் நடந்தது. தேவாலயச் சுவரில் 1775-ஆம் வருடத்துச் சூரியக் கடிகாரம் இருக்கிறதே, பார்த்தீர்களா? உலகத்தின் பல ஊர்களில் என்ன நேரம் என்று காட்டும். ஒரு மலைக் கிராமத்தில்!

அப்புறம் கல்வெட்டுக்காரி சொன்ன ஜோசப் ஹன்ட். அந்தப் பதிவேட்டை நகலெடுத்த மகான். அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. மதுக்கடையில் குடித்துக் களித்திருந்தபோது கடைக்காரர் மகளோடு விளையாட்டாகக் கல்யாணச் சடங்கு நடத்திவிட்டாராம். பிஷப் காதுக்குப் போய், 'நடத்தினாய் அல்லவா, குடும்பம் நடத்து' என்று சொல்லிவிட்டாராம். ஏற்கெனவே நிச்சயம் செய்திருந்த பெண் வழக்குப் போட, கடன்காரனிடமிருந்து தப்ப ஆலயத்தை ஒட்டிய அறையிலேயே குடியிருந்தாராம் மனிதர். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கணித மாதிரியெல்லாம் போடுகிறீர்கள்!

கல்வெட்டுக்காரி:
மாமா :) குடித்தவர் எல்லாம் கணக்கில் தப்பு செய்வார் என்று இல்லை. அவர் நகலும் மொம்பெசனின் எண்ணும் பெரிதாக விலகவில்லை.

பனங்கருப்பட்டி:
எம்மட் சிடால், ரோலண்ட் டோர் கதையை யாரும் சொல்லவில்லையே? எம்மட் ஈம் பெண், ரோலண்ட் ஸ்டோனி மிடில்டன். ஊர் எல்லையில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள். ஏப்ரலில் ஒரு நாள் அவள் வரவில்லை. அவன் தினமும் வந்து நின்றான். ஊர் திறந்ததும் முதலில் ஓடிவந்தவன் அவன். அவள் என்றைக்கோ போய்விட்டாள். தேவாலயத்தில் கண்ணாடிச் சன்னலில்கூட அவர்கள் இருக்கிறார்கள்.

கல்வெட்டுக்காரி:
சிடால் குடும்பம் பதிவேட்டில் இருக்கிறது, எம்மட்டும் இருக்கிறாள். தினமும் வந்து நின்றது மட்டும் பதிவேட்டில் வராதல்லவா. வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்தப் பெட்டியில் வைக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

எனக்குப் பிடித்த நாட்டுக்கதை மார்ஷல் ஹவ். நோய் வந்து பிழைத்தவர், இனி தனக்கு வராது என்ற தைரியத்தில் பிணம் புதைக்கும் வேலைக்கு வந்தார். கூலி, செத்தவர் வீட்டுச் சாமான். பின்னால் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் பிள்ளை அடம்பிடித்தால் 'மார்ஷல் ஹவ்வைக் கூப்பிடட்டுமா' என்பார்களாம். நம்மூர்ப் பூச்சாண்டி வேலை. வீரர்களை மட்டும் நினைவு வைத்த ஊர் இல்லை அது.

மாத்திரை டப்பா:
மார்கரெட் பிளாக்வெல் என்ற பெண்ணையும் சேருங்கள். காய்ச்சலில் தாகம் எடுத்து, குவளையில் இருந்த சூடான பன்றிக் கொழுப்பைக் குடித்துவிட்டாராம், பிழைத்துவிட்டாராம். யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

நாளைய கிழவன்:
அந்த ஊர்க்காரர்கள் உடம்பில் பிளேக் எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேனே, உண்மையா?

மாத்திரை டப்பா:
பாதி உண்மை. பிழைத்தவர்களின் வழித்தோன்றல்களிடம் சிசிஆர்5 டெல்டா 32 என்ற மரபணு மாற்றத்தைத் தேடினார்கள். கொஞ்சம் அதிகமாக, சுமார் 14 சதவீதம், கண்டார்கள். ஐரோப்பாவிலேயே பரவலாக உள்ளதுதான் அது. எச்ஐவி நுழைவதைத் தடுக்கும் என்பது நிரூபணமானது. பிளேக்கைத் தடுக்குமா என்று பின்னால் சுண்டெலிகளில் சோதித்தபோது பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. காணொளிகள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகின்றன.

கரிசல்:
மொம்பெசனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? மாலை மரியாதையோடு பெரிய பதவிக்குப் போயிருப்பாரே?

கல்வெட்டுக்காரி:
1669-இல் நாட்டிங்கம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊருக்குப் போனார். பிளேக் ஊரிலிருந்து வருகிறவர் என்று அந்த ஊர் மக்கள் உள்ளே விடவில்லை. நோய் ஓய்ந்து மூன்று வருடம் கழித்து! பக்கத்துப் பூங்காவில் ஒரு குடிசையில் இருந்துகொண்டு ஆஷ் என்ற வகை மரம் ஒன்றின் அடியில் பிரசங்கம் செய்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். மறுமணம் செய்துகொண்டார், 1709-இல் அங்கேயே இறந்தார். ஸ்டான்லி ஈமிலேயே 1670-இல்.

கரிசல்:
அப்படியா. எல்லைக்கு உள்ளே நின்றவரையே எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஊர்சுற்றி மாமா:
வழிப்போக்கன், மறுபடி போவதாக இருந்தால் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு போங்கள். பிளேக் ஞாயிறு என்று குக்லெட் டெல்ஃபில் வழிபாடு நடக்கும். அதே வாரம்தான் ஊற்றுகளைப் பூ இதழ்களால் அலங்கரிக்கும் திருவிழாவும். களிமண் பலகையில் இதழ் இதழாக ஒட்டிப் படம் செய்வார்கள். 1994-இல் திறந்த அருங்காட்சியகமும் சின்னதாக, நன்றாக இருக்கிறது. வண்டியை அதற்கு எதிரே நிறுத்தலாம். காலை பத்துக்கு முன் போய்விடுங்கள், அப்புறம் இடம் கிடைக்காது.

வழிப்போக்கன்:
கட்டாயம் போகிறேன் மாமா. போன தடவை கேத்தரின் கல்லறைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றேன். ஸ்டான்லிக்கும் அங்கே நினைவுக்கல் இருக்கிறதாமே, அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை. இந்த முறை படம் எடுத்து இங்கே போடுகிறேன். கரிசல், நீங்களும் இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், வண்டியில் ஒரு இடம் காலி.

கரிசல்:
வருகிறேன். முதலில் ரைலி மேட்டுக்குப் போவோம்.